அண்ணன் அனுப்பிய நாறாத சேறு

இங்கே திங்கட்கிழமை காலையில் யாரும் யாரையும் நலமா என்று கேட்பதில்லை. சேறு நலமா என்றுதான் கேட்கிறார்கள். வட ஜெர்மனியின் ஒரு துறைமுக நகரத்தில், நுண்ணுயிர்ச் சூழலியல் ஆய்வகம் ஒன்றில் நான் முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் பேராசிரியர் ஹெல்கா, காற்றே இல்லாத இடத்தில் கந்தகத்தை வைத்துப் பிழைத்துக்கொள்ளும் பாக்டீரியாக்களைத் தேடுகிறவர். பக்கத்து மேசை மாரெக், போலந்துக்காரன். கிருமிகள் கூட்டமாகச் சேர்ந்தால் ஏன் வேறு மாதிரி நடந்துகொள்கின்றன என்பது அவன் ஆராய்ச்சி. ஆனால் மதியச் சாப்பாட்டை மட்டும் தனியாகத்தான் சாப்பிடுவான். எனக்குக் கிடைத்தது எண்ணெய் தின்னும் கிருமிகள். சேற்றுக்கு எங்கே போவாய் என்று ஹெல்கா கேட்டபோது, யோசிக்காமல் எண்ணூர் என்றேன்.

எண்ணூர் ஆற்றோரக் குப்பத்தில்தான் பிறந்தேன். திருவொற்றியூர் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன், என் கால்விரல் இடுக்கில் ஒட்டிய கறுப்புச் சேற்றை அம்மா தேங்காய் நாரால் தேய்த்து எடுப்பாள். அப்படியும் வகுப்பில் பக்கத்தில் இருந்த பெண் என்னைக் கண்டதும் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். என் அண்ணன் ஏழுமலை அப்போதே படகேறத் தொடங்கியிருந்தான். அந்தப் பெண்ணின் வீட்டு வாசலுக்கே போய் அவள் அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு வந்தான். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் பெருமைப்பட முடியவில்லை, ஏனென்றால் என் படிப்பே அந்தச் சண்டையில் போய் முட்டிக்கொண்டது.

அண்ணனுக்குத் தெருமுனை பூத்துக்குத்தான் போன் செய்வேன். ஆலைக் கழிவுக் குழாய் வந்து விழும் இடத்தில், அடி மண்ணை எடுக்க வேண்டும், புட்டியை வாய் வரை நிரப்பி, காற்று புகாமல் மூட வேண்டும் என்று மூன்று முறை சொல்லியிருந்தேன். நான் படித்த கல்லூரி வழியாக ஐந்து புட்டிகள் பத்திரமாக வந்து சேர்ந்தன. திறந்தேன். நாறவில்லை. குளிர்பெட்டியில் வந்ததால் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆறு வாரம் சோதித்தும் எண்ணெய் தின்னிகள் பேருக்குக்கூட இல்லை. ஹெல்காவுக்கோ சந்தோஷம். "கழிவுக் குழாய்க்குப் பக்கத்திலேயே சுத்தமான சேறு! இதை எழுதியே ஆக வேண்டும்" என்றார். என் உதவித்தொகையை நீட்டிக்கச் சொல்லும் அறிக்கையில் அதுதான் முதல் வரி. அதை அனுப்ப இரண்டு வாரம்தான் இருந்தது. அந்த ஆறு எப்படி நாறும் என்று அந்தக் கட்டடத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும்.

கடைசியில் போன் செய்தேன். "ண்ணா, உண்மைய சொல்லு. சேத்த எங்க எடுத்த?"

"நீ சொன்ன எடத்துலதாம்மே."

"அது நாறவே இல்ல."

"நாறக் கூடாதுன்னுதானே அவ்ளோ தூரம் போனேன்! கொழா கிட்ட ஒரே கலீஜா கீது. அத்தப் போயி வெள்ளக்காரன் மூக்குல நீட்டுவியா? இதான் உன் ஊரான்னு உன்ன ஒரு மாதிரி பாக்க மாட்டான்? போட்ட எடுத்துக்கினு முகத்துவாரம் தாண்டிப் போய் நல்லதா அள்ளியாந்தேன்."

திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. சொல்லாமல் விட்டால் எனக்கு இன்னும் ஓராண்டு கிடைக்கும், ஆனால் குழாயடிச் சேறு சுத்தம் என்று என் பெயரில் அச்சாகும். சொன்னால் பெட்டியைக் கட்ட வேண்டியிருக்கும். எதைத் தொட்டாலும் பயமாக இருந்தது. மறுநாள் ஹெல்காவின் அறைக்குள் போய், அண்ணன் வேறு இடத்தில் அள்ளியதைச் சொல்லிவிட்டேன்.

"ஆலைக்காரர்கள் உன் அண்ணனை மிரட்டினார்களா?" என்றார்.

"இல்லை. அவனுக்கு வெட்கம்."

"எதற்கு?"

"சேறு நாறுவதற்கு."

ஹெல்கா தன் குறிப்பேட்டில் 'உள்ளூர் மக்களின் அச்சம்' என்று எழுதிக்கொண்டார். திருத்த எனக்கு அவர்கள் மொழி போதவில்லை. அறிக்கையை நிறுத்திவைக்கச் சொன்னார். புதுச் சேறு வரும்வரை எதுவும் உறுதி இல்லை என்றார்.

"படிப்பு பூடுமா? மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?" என்று அண்ணன் பதறிப்போய் அந்த வாரமே குழாயடிக்குப் போனான். வந்த புட்டியின் மூடியைத் தளர்த்தியதும் மாரெக் இரண்டடி பின்வாங்கினான். பொய் சொல்லாத சேறு. கூடவே, பாதுகாப்புப் படிவத்தில் ஒரு கேள்வி: எடுத்தவரின் தோலில் பட்டதா? அண்ணனிடம் கேட்டேன். சிரித்தான். "கை வெக்காம எப்டிம்மே அள்றது? நாளிக்கும் அங்கதான் வல வுடணும்." ஆம் என்று குறித்துக் கொடுத்தேன். ஹெல்கா சிவப்பு மையில் எழுதித் திருப்பினார்: அவருக்கு உடனே மருத்துவப் பரிசோதனை வேண்டும், இனி அவர் அங்கே இறங்கக் கூடாது. மருத்துவப் பரிசோதனையைச் சொல்லிவிட்டேன். இறங்காதே என்பதை மட்டும் அவனிடம் எப்படிச் சொல்வது? இறங்காமல் அவன் எங்கே போவான்?

சேற்றில் எண்ணெய் தின்னிகள் மொய்த்துக் கிடந்தன. எனக்கு ஓராண்டு கிடைத்துவிட்டது. ஆய்வகத்தில் கைதட்டினார்கள், கேக் வெட்டினார்கள். அந்தக் கிருமிகளுக்குக் காற்றுப் பட்டால் ஆகாது என்பதால், காற்று நீக்கிய ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத்தான் வேலை. பெட்டியின் முன்பக்கத்தில் நீண்ட ரப்பர் கையுறைகள் இரண்டு பொருத்தியிருக்கும். வெளியே நின்றபடி கைகளை அவற்றுக்குள் நுழைத்துக்கொள்ள வேண்டும். தினமும் எட்டு மணி நேரம் அப்படி நிற்கிறேன். என் இரண்டு கைகளும் எண்ணூர்ச் சேற்றுக்குள் இருக்கின்றன. ஒரு பொட்டுகூட என்மேல் படுவதில்லை.