கூட்டிப் போட்ட அரை மணித்தியாலம்

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்று மணி கடந்தபோது அலுவலகக் கணினியில் ஒரு முன்பதிவு வந்து விழுந்தது. இடம் இணுவில். பார்ப்பவர் மெல்பேர்னில் உள்ள மகன். நாளை ஒன்பது முதல் பதினொன்று வரை. நிகழ்ச்சி: இறுதிக்கிரியை. பெயரைப் பார்த்தேன்: சிவகாமி அம்மையார். மறுபடியும் பார்த்தேன், என் கண்ணை நான் எளிதில் நம்புவதில்லை.

வலிகாமத்துக் கலியாணங்களையும் கோயில் விழாக்களையும் வெளிநாட்டு உறவினருக்கு நேரலையாக அனுப்பும் சிறிய நிறுவனம் எங்களுடையது. அதன் பொறியியலாளர் சிவகாமி அம்மையார். எழுதுவினைஞராக ஓய்வு பெற்றபின் அங்கே பதிவேட்டைப் பார்க்கச் சேர்ந்தவன் நான். அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டோ தெரியாது.

முதல் நாளே சொன்னார்: "அண்ணை, பங்குக் கிணத்திலை முறை வைச்சு இறைக்கிற மாதிரித்தான் இது. ஒரு சிக்னல் கோபுரத்தாலை ஒரே நேரத்திலை எல்லாற்றை படமும் போகாது. ஆருக்கு எப்ப எண்டு முதலே எழுதி வையுங்கோ. முடியிற நேரத்தோடை அரை மணித்தியாலம் கூட்டிப் போடுங்கோ. எங்கடை சனம் எதை நேரத்துக்கு முடிச்சது?"

ஒரு வெள்ளிக்கிழமை, பத்தரை கடந்து மயிலிட்டியிலிருந்து ஒரு கடற்றொழிலாளி வந்தார். ஞாயிறு மகளுக்குக் கலியாணம். மகனைப் பார்க்க லண்டன் போன மனைவி அங்கே ஆஸ்பத்திரியில்.

"தாலி கட்டிறதை அவ பாக்க வேணும், ஐயா."

"ஓம், பதிஞ்சு விடுறன்" என்றேன். ஆனால் இராகுகாலம் தொடங்கியிருந்தது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் புதிய பதிவு எழுதுவதில்லை. ஒரு துண்டில் குறித்து வைத்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்குப் பதியப் போனேன். இதற்கிடையில் அச்சுவேலிக் கோயிற்காரர் தேருக்காக ஞாயிறு ஒன்பதரை முதல் அச்சுவேலிக் கோபுர வழியைப் பிடித்துவிட்டார்கள். கலியாணம் ஒன்பதுக்குத் தொடங்கும், முகூர்த்தமோ ஒன்பதே முக்காலுக்கு. தெல்லிப்பழைக் கோபுர வழியிலும் ஒன்பதரை வரை யாரோ ஒருவரின் இணைய வகுப்பு.

இராகுகாலத்தையும் மறைக்காமல் அம்மையாரிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"கம்பியூட்டருக்கு ஆர் அண்ணை பஞ்சாங்கம் குடுத்தது?" பிறகு பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். "முழு நேரத்துக்கும் ஒரே பாதை வேணும் எண்டு சட்டமே? ஒன்பதரை வரை அச்சுவேலியாலை போகட்டும். பிறகு தெல்லிப்பழையாலை. நாங்கள் பஸ் மாறிப் போறேல்லையே?"

"மாறேக்கை படம் நிண்டால், தங்கச்சி?"

"நிண்டால் உங்கடை இராகுவிலை பழியைப் போடுவம்."

ஞாயிறு ஒன்பதரைக்குப் படம் ஒருமுறை கண் சிமிட்டியது. அவ்வளவுதான். கால் மணி நேரத்தில் கெட்டிமேளம். லண்டன் கட்டிலிலிருந்து ஒரு குரல்: "மாப்பிள்ளை, முடிச்சை வடிவாப் போடுங்கோ! நான் பாத்துக்கொண்டிருக்கிறன்!"

இந்தச் செவ்வாயும் இராகுகாலம்தான். துண்டைத் தேடவில்லை. உடனே பதிந்தேன். முடியும் நேரம் பதினொன்றரை என்று இட்டேன்.

மறுநாள் சரியாகப் பதினொன்றுக்குப் பாடை புறப்பட்டது. என் பதிவேட்டில் சொன்ன நேரத்துக்கு முடிந்த ஒரே நிகழ்ச்சி அது. கமராவைப் பார்த்துக்கொள்ள நான் மட்டும் முற்றத்தில் நின்றேன். வெறும் கதிரைகள். மெல்பேர்னில் மகன் இணைப்பைத் துண்டிக்கவில்லை.

"ஆரும் நிக்கிறியளே?" என்று கேட்டது குரல்.

எனக்குக் கதைக்கத் தெரியாது. ஆனாலும் கதிரையை இழுத்துப்போட்டு, மயிலிட்டிக் கலியாணத்தை முதலிலிருந்து சொன்னேன். பஞ்சாங்கம் வந்த இடத்தில் அந்தப் பிள்ளை தாயைப் போலவே விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த கதையின் நடுவில், பதிந்த நேரம் முடிந்து, பதினொன்றரைக்குத் திரை அணைந்தது.

போய் வாருங்கள், தங்கச்சி. அரை மணித்தியாலம் போதவில்லை.