மீன் கூவலில் போன செய்தி

இலங்கையில் தமிழரை அடித்து விரட்டிய ஐம்பத்தெட்டுக் கலவரத்தின்போது நான் கல்முனையில் ஒரு கொழும்புப் பத்திரிகைக்கு நிருபர். தபால் கந்தோரில் பிரஸ் தந்தி கொடுத்தால் மறுநாள் செய்தி அச்சில் வரும். அவசரகாலச் சட்டம் வந்ததும் அந்தச் சுகம் போயிற்று. 'அகதி' என்ற சொல்லைக் கண்டாலே சென்சர் வெட்டிவிடுவார்.

அகதிகளோ எங்கள் பள்ளிக்கூடத்தில் நிறைந்திருந்தார்கள். குடியேற்றக் கிராமங்களிலிருந்து உடுத்த துணியோடு ஓடிவந்த தமிழ்க் குடும்பங்கள். பக்கத்துச் சாய்ந்தமருது முஸ்லிம் வீடுகளிலிருந்து சோறு வந்தது. மருதமுனை நெசவாளர்கள் விற்க வைத்திருந்த சாரங்களைக் கொண்டுவந்து உடுக்கக் கொடுத்தார்கள். என் ஊரை நினைத்து எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதையும் எழுத முடியவில்லை.

அங்கே பொன்னம்மா என்றொருத்தி. ஓடிவரும் வழியில் கணவன் கந்தையாவும் சின்ன மகளும் பிரிந்துவிட்டார்கள். அவர்கள் இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. 'அகதி' என்ற சொல் வராமல் அவளைப் பற்றி எழுதி அனுப்பினேன். பத்திரிகை வந்ததும் எடுத்துக்கொண்டு ஓடினேன். செய்தியைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு சவர்க்கார விளம்பரம், முகம் கழுவும் பெண் படத்தோடு.

பொன்னம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. படத்தில் விரலை வைத்து, "இது நானா தம்பி?" என்று கேட்டாள்.

எனக்குச் செருப்பால் அடித்தது போலிருந்தது. சந்தைக்குப் போய் அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்று கூப்பிடும் மீன்கார இஸ்மாலெவ்வையிடம் சொல்லிப் பொருமினேன். அவர் மீன் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டே கேட்டார்.

"அந்தப் புள்ளட புருசன் பேரென்ன?"

"கந்தையா."

"நீ எழுதினாத்தானே வெட்டுவாங்க. நான் கூவுறன்."

எங்கள் கரையோர மீன்காரர்கள் சைக்கிளில் வயல்பக்க ஊர்களுக்குப் போவார்கள். வழியில் அடுத்த ஊர் மீன்காரரைக் கண்டால் நின்று விலை நிலவரம் சொல்லாமல் கடக்க மாட்டார்கள். அந்த வழக்கத்தில் பொன்னம்மாவின் பெயரும் ஏறியது. "பாரை, சூடை! கந்தையாட பொஞ்சாதி பொன்னம்மா கல்முனைப் பள்ளிக்கூடத்தில! கீரி மீன்!" என்று தெருத்தெருவாகக் கூவினார்கள். காரைதீவில் ஒரு பொலிஸ்காரர் காக்காவை மறித்து, என்ன கூவுகிறாய் என்று அதட்டினாராம்.

"மீன் விக்கிறன் ஐயா. மீன் விக்கவும் சென்சரா?" என்றாராம் இவர்.

அந்தக் கூவல் வாய்க்கு வாய் மாறித் தொலைவிலுள்ள சாகாமம் என்ற ஊர் வரை போயிருக்கிறது. அங்கே குளத்துக்குப் பக்கத்து வாடிக் குடிசையொன்றில் மகளோடு ஒளிந்திருந்த மனிதர் தன் பெயரைக் கேட்டு வெளியே வந்தாராம்.

ஒரு பகல் பள்ளிக்கூட வாசலில் சைக்கிள் வந்து நின்றது. முன்பாரில் கந்தையா. பின்னால் மீன் பெட்டியின் மேல் சாக்கு விரித்து மகள். பொன்னம்மா அந்த மீன் வாடையோடே பிள்ளையை அள்ளிக்கொண்டாள். மிதித்து வந்த அக்கரைப்பற்று மீன்காரரை எனக்கு முன்பின் தெரியாது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். நான் நிருபர் என்பதை மறந்து நின்று அழுதேன். அன்று மாலை பொன்னம்மா சோறு தின்றாள்.

நிருபர் வேலைக்கு வரும் பிள்ளைகள், உங்களுடைய பெரிய செய்தி எது என்று என்னிடம் கேட்பதுண்டு. நான் எழுதி எத்தனையோ செய்திகள் அச்சாகின. அச்சாகாத அந்த ஒன்றுதான் இரண்டு உயிர்களைக் கூட்டிவந்தது.