மூன்று மணிக்கு வரும் பிழை

எங்கள் ஊர் கம்ப்யூட்டர் சென்டரில் பத்து மெஷின்களுக்கும் சேர்த்து ஒரே சர்வர். அதில் லினக்ஸ் போட்டது நான். புத்தகத்தைப் பார்த்துத் தனியாளாகப் போட்டேன் என்பதை இன்றைக்கும் யார் கேட்டாலும் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

எங்கள் ஊர்ச் சுரங்கம் மூடுவதற்கு முந்தைய வருடம் அந்த சர்வர் மக்கர் பண்ண ஆரம்பித்தது. மத்தியானம் மூன்று மணி சுமாருக்குத் திரையில் ஹார்ட் டிஸ்க் பிழை என்று வரிவரியாகக் கொட்டும், பத்து மெஷினும் நின்றுபோகும். காலையில் வந்து டிஸ்க்கை ஒரு மூலை விடாமல் படிக்கவைத்துச் சோதித்தால் ஒரு குறையும் இராது. கரண்ட்டைச் சந்தேகித்து யுபிஎஸ்ஸை மாற்றினேன். மறுநாளும் அதே கூத்து.

பெங்களூரில் இருந்த முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. டிஸ்க்கை மாற்றி, லினக்ஸை அழித்து, மற்றக் கிளைகளில் ஓடுவதையே போட்டுவிட்டு வரச்சொல்லி ஓர் இன்ஜினியரை அனுப்பினார். சர்வர் கையை விட்டுப் போனால் எனக்கு மிஞ்சுவது பழையபடி டைப்பிங் கிளாஸ் எடுப்பதுதான். வந்த ஆத்திரத்தில் அவருக்கு டீகூட வாங்கித் தரவில்லை.

அவர் உட்கார்ந்து பையிலிருந்து சிடியை எடுத்தார். திடீரென்று மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"மேடம், பூகம்பம்!"

"எங்க சார்?"

"டேபிளே ஆடுது, தெரியல?"

"அதுவா? கீழ சுரங்கத்துல வெடி வச்சிருப்பாங்க. ஷிப்ட் முடிஞ்சா டெய்லி வைப்பாங்க, உக்காருங்க சார்."

சொல்லி முடிப்பதற்குள் திரையில் பிழை கொட்டத் தொடங்கியது. கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று அடித்து இரண்டு நிமிடம். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். பிறந்ததிலிருந்து ஆடுகிற தரை என்பதால் அது ஆடுவதாகவே எனக்குத் தோன்றியதில்லை.

"சார், சிடிய உள்ள வைங்க. ஒரே ஒரு நாள் குடுங்க" என்றேன்.

பெட்டியைத் திறந்தால், டிஸ்க்குக்குப் போகும் பட்டைக் கேபிள் விரல் பட்டாலே லொடலொடத்தது. புதுக் கேபிளை அழுத்திச் செருகினேன். சுவரில் அடித்திருந்த பலகையிலிருந்து சர்வரை இறக்கி, தடித்த ரப்பர் ஷீட்டின்மேல் வைத்தேன்.

மறுநாள் மூன்று மணிக்கு நாங்கள் இருவரும் திரை முன்னால் நின்றோம். தரை ஆடியது. இந்த முறை எனக்கும் தெரிந்தது. திரையில் ஒரு வரிகூட வரவில்லை. டிஸ்க்கில் கோளாறே இல்லை, இந்த மேடம் போட்டதே இருக்கட்டும் என்று இன்ஜினியர் முதலாளிக்குப் போன் செய்தார். அன்றைக்கு டீ நான் வாங்கிக் கொடுத்தேன், பன்னோடு.

அப்பா சுரங்கத்தில் வெடி வைப்பவர். வீட்டுக்குப் போனதும், சர்வர் பதிந்துவைத்திருந்த பிழைகளை அச்செடுத்த தாளை அவரிடம் நீட்டினேன்.

"உங்க வெடிதாம்பா இவ்ளோ நாளா என் சர்வர ஆட்டிக்கினு இருந்தது."

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தேதியாக விரல் வைத்துப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, நாள் தவறாம எழுதி வச்சிக்கீது? இத்தினி வருசமா வெடி வக்கிறேன், மேல ஒருத்தனுக்கும் தெரியாதுன்னு இருந்தேன்."

தாளைத் திருப்பித் தரவில்லை. மறுநாள் ஷிப்ட்டுக்குப் போகும்போது, கூட்டாளிகளிடம் காட்ட அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.