ராஜாவின் ஒரே ஒரு தாவல்

பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாசனை எங்கிருந்து வந்தாலும், சுங்குவார்சத்திரத்தில் இன்று ஆலைச் சுவர் நிற்கும் இடத்தில் இருந்த அப்பாவின் சைக்கிள் கடைக்குள் போய்விடுகிறேன். பலகையில் கறுப்பு பெயிண்டால் கட்டம் போட்டு, பம்பு அடிக்கும் சத்தத்துக்கு நடுவே பகலெல்லாம் அங்கே செஸ் ஆடுவார்கள். செக் வாங்காத ராஜா ஒரே ஒரு முறை குதிரை மாதிரி தாவலாம் என்பது கடையில் எல்லோருக்கும் தெரிந்த விதி. அதை நம்பியே அப்பா தொடக்கத்தில் சிப்பாய்களை வாரிக் கொடுத்து, ராஜாவை நடுவில் அம்போவென்று நிறுத்தி, எதிராளியை உள்ளே இழுப்பார். கடையில் யாரும் அவரை ஜெயித்ததில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் நடந்த போட்டிக்கு என்னையும் கூட்டிப் போனார். மூன்று மணி நேரம் மூச்சைப் பிடித்து ஆடிவிட்டு, ராஜாவை எடுத்துத் தாவ வைத்தார்.

"இன்னாண்ணே இது, ராஜா தாவுற மாதிரி ரூலே கெடையாதே," என்றார் எதிரே இருந்தவர், மரியாதையாகத்தான். யாரும் சிரிக்கவில்லை. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும்; ராஜாவை வேறு எங்கே நகர்த்தினாலும் தோல்விதான்.

திரும்பி வந்ததும் அந்தப் பலகையை பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாக்கினார். கட்டங்கள் ஊறி உரிந்துகொண்டிருந்த ஒரு நாள், டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடி, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"இன்னும் எதெதுல இல்லாத ரூலை நம்பிக்கினு கீறோம்னு தெர்ல, பாப்பா."