கல்யாண அட்டையில் மூன்று பெட்டிகள்

தவறு என்று எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றை மூன்று பேர் மரியாதை என்று எடுத்துக்கொண்டால், அதைத் திருத்துவது சரியா, அப்படியே விட்டுவிடுவது சரியா? கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

கல்யாணம் என் கொழுந்தனாருடையது. அச்சடித்த அட்டை கொஞ்சம்தான், தாம்பூலத்தோடு தட்டில் வைத்துக் கொடுப்பதற்கு. மற்றவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் ஓர் இணைப்பு. தொட்டால் அழைப்பிதழ் ஓர் இணையப் பக்கமாகத் திறக்கும். குழந்தை பிறப்பதற்கு முன் பாயான் லெப்பாஸ் என்ற ஊரில் ஒரு நிறுவனத்தில் இப்படிப்பட்ட பக்கங்களை வடிவமைப்பதுதான் என் வேலை. மகளுக்குப் பத்து மாதம். வேலையை விட்ட பிறகு என் விரல்களுக்கு எல்லாம் மறந்துபோயிருக்குமோ என்று எனக்குப் பயம். ஆனாலும் மாமாவிடம், அதாவது என் மாமனாரிடம், நான் செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஏன் வாயைத் திறந்தோம் என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் அழைப்பிதழ் லேசான விஷயம் இல்லை. என் கல்யாண அட்டையில் மாமாவின் அண்ணன் பெயர் தம்பியின் பெயருக்குக் கீழே அச்சாகி வந்தது. யார் கை தவறியது என்று கடைசிவரை தெரியவில்லை. அந்தப் பெரிய மாமா தாசேக் கெலுகோரில் இருக்கிறார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கல்யாணத்துக்கு வந்தார், கடைசி வரிசையில் உட்கார்ந்தார், சாப்பிட்டார், எங்களை ஆசீர்வதித்தார். படம் எடுக்கும்போது மட்டும் மேடை ஏறவில்லை. எங்கள் ஆல்பத்தில் மாமாவும் அவர் தங்கையும் நிற்கும் படத்தில், இடது பக்கம் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருக்கிறது. அதன்பிறகு அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது. என் மகளுக்குப் பெயர் வைத்த அன்றுதான் "சாப்ட்டியா" என்ற அளவுக்காவது திரும்பி வந்தது. அது மறுபடி அறுந்தால், இந்த முறை அறுத்தது யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

அழைப்பவர்கள் மூன்று பேர்: பெரிய மாமா, மாமா, அவர்கள் தங்கை. தங்கை கெப்பாலா பத்தாஸில் இருக்கிறார். என் கணவர் கூப்பிடுவதைப் போல நானும் அத்தை என்றே கூப்பிடுவேன். ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி. உள்ளே கணவன் மனைவி பெயர், கீழே ஊர். பெரிய மாமாவின் பெட்டிதான் மூன்றிலும் நீளம், தலைமையாசிரியர் என்பதையும் சேர்த்துப் போட்டதால்.

பெட்டிகளை அடுக்க நான் ஃபிளெக்ஸ்பாக்ஸ் என்ற முறையைப் பயன்படுத்தினேன். தெரியாதவர்கள், தடுப்பூசிக்குக் குழந்தையோடு காத்திருக்கும் கிளினிக் பெஞ்சுகளை நினைத்துக்கொள்ளுங்கள். பெஞ்சு நீளமாக இருந்தால் எல்லாரும் ஒன்றாக உட்காருவோம். இடம் போதாவிட்டால் கடைசியில் இருப்பவர் அடுத்த பெஞ்சுக்குப் போவார். அங்கே அவர் மட்டும்தான் என்றால், பையை ஒரு பக்கம், பால் புட்டியை ஒரு பக்கம் வைத்து முழு பெஞ்சையும் எடுத்துக்கொள்வார். இடம் இல்லையென்றால் கீழ் வரிக்கு இறங்கு, மிச்ச இடம் இருந்தால் விரிந்து நிரப்பு என்று பெட்டிகளுக்கு இரண்டு கட்டளை எழுதினேன்.

மடிக்கணினியில் பார்த்தேன், மூன்று பெயரும் ஒரே வரியில் தோளோடு தோள் உரசி நின்றன. என் போனில் பார்த்தேன். ஒன்றன்கீழ் ஒன்றாக, மூன்றும் ஒரே அகலத்தில், அண்ணன் மேலே. கணவரின் போனிலும் அப்படியே. பெயர்களின் எழுத்தை மூன்று முறை சரிபார்த்தேன். நான்காவது முறை மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சத்தமாக வாசித்தேன். சனிக்கிழமை காலை குடும்பக் குழுவில் இணைப்பைப் போட்டுவிட்டு, அவளுக்குக் கஞ்சி ஊட்ட உட்கார்ந்தேன்.

இரண்டாவது வாய்க்குள் பெரிய மாமாவின் அழைப்பு வந்தது. அவர் எனக்குப் போன் செய்ததே இல்லை.

"கார்டு பாத்தேம்மா," என்றார். நான் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தேன். "என் பேரு மட்டும் தனியா, ஒரு முழு வரி. தம்பியும் தங்கச்சியும் கீழ ஒண்ணா. யாரு சொல்லிக் குடுத்தா ஒனக்கு?"

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்றேன். அது உண்மைதான்.

"அதானே பாத்தேன். ஒம் மாமனாருக்கு இதெல்லாம் தோணாதுலா."

வைத்துவிட்டார். நான் என் போனைத் திறந்து பார்த்தேன். தனி வரியும் இல்லை, ஒன்றும் இல்லை. மூன்றும் சமமாகவே இருந்தன. வேறு யாருடைய அழைப்பிதழையாவது பார்த்துவிட்டாரோ என்று குழம்பிக்கொண்டிருக்கும்போதே அத்தையின் குரல் பதிவு வந்தது. "பொறந்த வீட்டு கார்டுல என் பேரு இவ்ளோ அகலமா வந்ததே இல்லடி. அண்ணனுங்க ரெண்டு பேரையும் மேல நெருக்கி ஒக்கார வச்சிட்டு, கீழ எனக்கு மட்டும் முழு எடம்."

அப்போதுதான் உறைத்தது. பெரிய மாமாவின் மகன் சிங்கப்பூரிலிருந்து அவருக்கு வாங்கி வந்தது புத்தகம் போல விரியும் போன். அத்தை எல்லாவற்றையும் பார்ப்பது தொடர் பார்க்கிற டேப்லெட்டில். நான் சோதித்தது மிகச் சிறியதிலும் மிகப் பெரியதிலும் மட்டும். நடுவில் இருக்கும் அகலங்களை மறந்தே போயிருந்தேன். வேலையில் சேர்ந்த முதல் மாதம் செய்கிற பிழை அது.

மடிக்கணினியில் பக்கத்தைத் திறந்து, உலாவிச் சன்னலின் ஓரத்தைப் பிடித்து மெதுவாக உள்ளே இழுத்தேன். மூன்று பெயரும் ஒரே வரியில். இன்னும் கொஞ்சம் இழுத்ததும் அத்தை கீழே குதித்து வரி முழுவதும் விரிந்தார். இன்னும் கொஞ்சம், மாமாவும் கீழே இறங்கி அத்தையோடு சேர்ந்துகொள்ள, மேலே பெரிய மாமா தனியாக, அகலமாக. இன்னும் கொஞ்சம், மூவரும் மூன்று வரி. என் மடியில் இருந்த மகள் சிரித்தாள். ஓரத்தை வெளியே தள்ளினேன்; பெரியவர்கள் எல்லாரும் மேலே ஏறிக்கொண்டார்கள். மறுபடி சிரித்தாள். அடிவயிற்றிலிருந்து வரும் சிரிப்பு, வாயில் கஞ்சியோடு. பயந்துகொண்டே இருபது முறையாவது அவர்களை ஏற்றி இறக்கியிருப்பேன். எங்கள் வீட்டில் அன்று காலை நடந்த மிக நல்ல விஷயம் அதுதான்.

திருத்த ஒரே ஒரு கட்டளை வரி போதும். எல்லா அகலத்திலும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கச் செய்துவிடலாம். ஆனால் திருத்தினால், பெரிய மாமா அடுத்த முறை திறக்கும்போது அவருடைய தனி வரி காணாமல் போயிருக்கும். கொடுத்துவிட்டுப் பிடுங்கிய மாதிரி ஆகாதா? பத்து காவானில் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் கணவரிடம் கேட்டேன்.

"ஓடுற மெஷின தொடாத," என்றார். "எங்க லைன்ல அதான் சட்டம்."

"நாளைக்குப் பந்தக்கால். மூணு பேரும் ஒரே எடத்துல இருப்பாங்க."

"அப்ப போன எல்லாம் வாங்கி அரிசி டின்னுல போட்டுருவோம்."

அவரால் எப்போதும் இப்படித்தான் பேச முடிகிறது.

மறுநாள் காலை மாமா வீட்டு வாசலில் பந்தக்கால் நட்டு முடித்ததும் எல்லாரும் பசியாற உட்கார்ந்தார்கள். நான் பயந்தது இட்லி வருவதற்கு முன்பே நடந்தது. பெரிய மாமா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, விரித்து, பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டினார். அத்தை எட்டிப் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து டேப்லெட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"அண்ணே, ஒங்களுதுல நீங்க தனியா இருக்கீங்க. என்னுதுல நான் தனியா இருக்கேன்."

பெரிய மாமா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். மாமா தன் நாற்காலியிலிருந்து, தன்னுடைய கம்ப்யூட்டரில் மூன்று பேரும் ஒரே வரியில் இருப்பதாகச் சொன்னார். அது நன்றாக இருப்பதாகவும், யாரும் மேலே கீழே இல்லையென்றும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பெரிய மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆளுக்கொரு கார்டாம்மா?"

மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே அட்டைதான், திரையின் அகலத்துக்கு ஏற்றபடி பெட்டிகள் இறங்குகின்றன, நடு அகலத்தில் நான் பார்க்கவில்லை, தப்பு என்னுடையது, இப்போதே திருத்திவிடுகிறேன் என்று மூச்சு விடாமல் சொன்னேன். கிளினிக் பெஞ்சையும் சொன்னேன்.

அவர் முழுவதும் கேட்டார். முப்பது வருடம் பிள்ளைகளின் சாக்குகளைக் கேட்ட முகம். "தப்பாமே," என்றார் தங்கையிடம். "அவங்கவங்களுக்கு எது வேணுமோ அது அவங்கவங்களுக்கு மட்டும் வந்து நிக்கிது. அது தப்பாமே."

"படிச்ச புள்ள, வெளிய சொல்லுமா?" என்றார் அத்தை.

நான் மறுபடி மறுத்தேன். மறுக்க மறுக்க என் அடக்கத்தைப் பாராட்டினார்கள். கணவர் இட்லியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பெரிய மாமா மட்டும் போனை மடக்கிவிட்டு, தம்பியின் கம்ப்யூட்டரைக் கொண்டுவரச் சொன்னார். அந்தப் பெரிய திரையில் மூன்று பெயரும் ஒரே வரியில் நிற்பதை ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு எழுந்து பந்தக்காலின் பக்கத்தில் போய் நின்று, "வாடா. ஒரு படம் எடுத்துருவோம்," என்றார்.

மாமா எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஓடினார். நான்தான் படம் எடுத்தேன். என் போன் குறுகலானது. எனக்காக மூவரும் நெருங்கி நின்றார்கள்.

"எடம் பத்துதாம்மா?" என்று பெரிய மாமா கேட்டார். "இல்ல, தங்கச்சி கீழ எறங்கிருமா?"

அந்தப் படத்தை எங்கள் ஆல்பத்தில், காலி இடம் இருக்கும் படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அழைப்பிதழின் அந்த ஒரு கட்டளை வரியைக் கடைசிவரை திருத்தவில்லை.

இப்போது அத்தை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அழைப்பிதழ் நான்தான் செய்ய வேண்டுமாம், போன தடவை மாதிரியே. அதாவது, தெரியாமல் செய்ததை இனித் தெரிந்தே செய்ய வேண்டும். இந்த முறை அழைப்பவர்கள் ஐந்து பேர். மாப்பிள்ளை வீட்டார் என்னென்ன போன் வைத்திருக்கிறார்கள் என்று அத்தை விசாரித்துப் பட்டியலே அனுப்பிவிட்டார். எல்லாரையும் எல்லாத் திரையிலும் சமமாக நிறுத்திவிட்டால் என் மனசு அமைதியாக இருக்கும். ஆனால் பெரிய மாமாவைப் போல யாருக்கும் எனக்குப் போன் செய்யத் தோன்றாது. பழையபடி விட்டால், ஆளுக்கு ஒன்றைக் காட்டுகிறேன் என்ற உறுத்தல். உங்கள் வீட்டில் இப்படி நடந்திருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? மாத முடிவுக்குள் நான் இணைப்பை அனுப்பியாக வேண்டும். தயவுசெய்து அதற்கு முன் எழுதிச் சொல்லுங்கள்.