புல்லிக்கு வைத்த சந்தனம்

ஆனையூரில் கட்டில் கால் கடையும் பட்டறை வைத்திருக்கிறேன். போன ஆயுத பூஜைக்கு என் மனைவி செல்வி கடைசல் மெஷினைத் துடைத்து, உள்ளே இரண்டு தட்டுகள் விலகியும் நெருங்கியும் வேகம் மாற்றும் பெல்ட் புல்லியின் தண்டுவரை சந்தனம் பூசினாள். பார்க்க எனக்கும் அழகாகத்தான் இருந்தது.

பூஜை முடிந்து மெஷினை ஓடவிட்டு வேகத்தைக் குறைத்தேன், குறையவில்லை. சந்தனத்தில் மரத்தூள் ஒட்டிக் காய்ந்து, நகர வேண்டிய புல்லித் தட்டு தண்டோடு இறுகிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. நல்லதாகப் போயிற்று என்று மூடியைக் கழற்றி, இரண்டு தட்டுகளுக்கு நடுவே விரலை விட்டுச் சுரண்டினேன்.

சட்டென்று இறுக்கம் விட்டது. ஸ்பிரிங் தள்ளிய தட்டு என் விரல்களைக் கவ்விக்கொண்டது. வலியில் திரும்பியபோதுதான் பார்த்தேன், சுவிட்ச் போட்டபடியே இருந்தது. எட்டினேன், கை போகவில்லை. கரண்ட் எந்த நொடியும் வரலாம்.

"செல்வி! ஓடியா!"

வந்தவள் வாசலிலேயே அழ ஆரம்பித்தாள். "ஐயோ, என்னங்க இம்புட்டு ரத்தம்!"

"ரத்தத்த விடுடி! மொத பிளக்கப் புடுங்கு!"

பிடுங்கினாள். பிளக் அவள் கையில் இருக்கும்போதே தலைக்கு மேல் லைட் எரிந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு ஸ்குரூ டிரைவரால் தட்டை நெம்பி அவள்தான் விரல்களை விடுவித்தாள்.

காயம் ஆறிவிட்டது. ஆனாலும் கரண்ட் வந்து லைட் எரிந்தால், சோற்றுத் தட்டிலிருந்துகூடக் கையை இழுத்துக்கொள்கிறேன். இந்த வருஷப் பூஜையில் செல்வி புல்லிப் பக்கமே போகவில்லை. பிளக்கைப் பிடுங்கி, முதல் பொட்டை அதற்குத்தான் வைத்தாள்.