கடைசி டிரிப்பின் கொலையாளி

பந்தல்குடியிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் திருச்சுழி போகும் தனியார் பஸ்ஸில் ஜான்ராஜ் டிரைவர், தனுஷ்கோடி கண்டக்டர். தனுஷ்கோடிக்கு இன்னொரு தொழிலும் உண்டு. மதுரையிலிருந்து வரும் ஒரு மாத இதழில் 'கண்டக்டர் வேலாண்டி' என்று துப்பறியும் கதைகள் எழுதினார். வேலாண்டி போலீஸும் இல்லை, வக்கீலும் இல்லை; பஸ் கண்டக்டர். யார் எங்கே ஏறினார், எங்கே இறங்கினார், போனவர்களில் யார் திரும்பவில்லை என்பதை வைத்தே கொலைகாரனைப் பிடித்துவிடுவார். பிடித்ததும் இரண்டு விசில் கொடுப்பார், கதை முடியும். அந்த வட்டாரத்தில் எம்.எல்.ஏ. பெயர் தெரியாதவர்கள் உண்டு. வேலாண்டி பெயர் தெரியாதவர்கள் கிடையாது.

கதை பிறந்த இடம் பஸ்தான். திருச்சுழியிலிருந்து மத்தியானம் காலியாகத் திரும்பும் டிரிப்பில், இன்ஜின் பானெட் மேல் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டு தனுஷ்கோடி கதையைச் சொல்லுவார். ஜான்ராஜ் ஓட்டிக்கொண்டே குறுக்கே விழுவார். "ஏலே, அந்நேரத்துக்கு அவன் எப்பிடிலே அங்க இருப்பான்? நம்ம வண்டியே வந்துருக்காதே!" தனுஷ்கோடி நாக்கைக் கடித்துக்கொண்டு மாற்றிவிடுவார். ஒன்று மட்டும் எவ்வளவு கெஞ்சினாலும் சொல்லமாட்டார். கொலைகாரன் யார் என்பது அச்சில் வந்தபிறகுதான் ஜான்ராஜுக்கே தெரியும்.

கதையில் வருகிறவர்களெல்லாம் அந்த பஸ்ஸில் ஏறி இறங்குகிறவர்களே. பெயரை மாற்றுவார், ஆளை மாற்றமாட்டார். வேலாண்டியின் கூட்டாளி 'டிரைவர் சாலமோன்' யாரென்று கேட்கவே வேண்டாம், அதே மீசை, அதே வெடிச் சிரிப்பு. கதையில் வந்துவிட்டோம் என்று பெருமையடித்துக்கொண்ட ஆட்கள் நிறைய. பந்தல்குடி பொன்னுச்சாமி மட்டும் அந்தப் பெருமையில் மாட்டி மூச்சுத் திணறினார்.

எண்பத்தெட்டில் 'கடைசி டிரிப்' என்ற தொடர் வந்தது. ராத்திரி கடைசி டிரிப்பில், பின்சீட்டில் ஒரு லாரி முதலாளி செத்துக் கிடக்கிறார். அவர் குடித்த கலர் பாட்டிலில் பூச்சிமருந்து. சந்தேகம், எந்நேரமும் குடையோடு அலையும் பூச்சிமருந்துக் கடைக்காரர் மேல் விழுகிறது. மழை எட்டிப் பார்க்காத பந்தல்குடியில் எந்நேரமும் குடையோடு அலைகிற பூச்சிமருந்துக் கடைக்காரர் பொன்னுச்சாமி ஒருத்தர்தான்.

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். மாதம் செல்லச் செல்ல சிரிப்பு வேறு மாதிரி ஆனது. விதை வாங்க வந்தவர்கள் கடைப் பானையில் தண்ணீர் மோந்து குடிப்பதை நிறுத்தினார்கள். அவர் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து நின்றுகொண்டே வந்தார். அவர் மகள் ராமலட்சுமியை மல்லாங்கிணறில் ஒரு நல்ல இடத்தில் கேட்டிருந்தார்கள். பாக்குவெற்றிலை மாற்ற நாள் குறிக்கும் நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார், "கதை முடியட்டும், பாப்போம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். பெண்ணைப் பெற்ற வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை.

தனுஷ்கோடியிடம் வந்து அவர் முறையிட்டார். "கடைசியில பாருங்க அண்ணாச்சி, எல்லாம் நல்லபடியா முடியும்" என்று தனுஷ்கோடி சிரித்தார். ஐந்தாம் பகுதியை மதுரைக்கு அனுப்பிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை.

சாவு வீட்டில் துட்டி கேட்க மதுரையிலிருந்து இதழாசிரியரும் வந்திருந்தார். மிச்சக் கதை எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். தனுஷ்கோடியின் மனைவி ஜக்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அவுக எதையும் எழுதி வைக்கமாட்டாக. கதையக் கூடவே கேட்டவுக டிரைவர் அண்ணந்தான். அவுகளைக் கேளுங்க."

ஜான்ராஜ் மாட்டேன் என்றுதான் சொன்னார். எட்டாம் வகுப்போடு நின்ற ஆள். அச்சில் தன் பெயரைப் பார்த்தது கல்யாணப் பத்திரிகையில் மட்டும். ஆனால் மறுநாள் காலையில் பந்தல்குடி ஸ்டாப்பில் பொன்னுச்சாமி வந்து டிரைவர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டிரைவரே, நீங்கதான் முடிக்கப்போறீகன்னு சொன்னாக. என்னைய என்ன செய்யப்போறீக?"

ஜான்ராஜ் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும் வழியெல்லாம் அந்தக் கை ஜன்னலிலேயே இருப்பதுபோல இருந்தது. அன்றைக்கே கடையில் ஒரு தாள்கட்டு வாங்கினார்.

குடைக்காரரைக் காப்பாற்றுவது சுலபம் என்று நினைத்தார். எங்கிருந்தோ வந்த ஒரு வெளியூர்க்காரன் செய்ததாக எழுதி அனுப்பினார். போன வேகத்தில் திரும்பி வந்தது. ஆசிரியரே அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டார்.

"அஞ்சு மாசமா படிச்சவன் மூஞ்சியில காறித் துப்புற மாதிரி இருக்குய்யா இது. முன்னாடி வராத ஆள் கடைசியில வந்து கொலை செய்யலாமா? இந்த வாரத்துக்குள்ள ஒழுங்கா முடிச்சுக் குடுங்க. இல்லாட்டி ஆபீஸ்லயே குடைக்காரரைப் பிடிச்சுக் குடுத்து முடிச்சுருவோம். எல்லாரும் எதிர்பாக்குறதும் அதைத்தான்."

அதற்கப்புறம் ஜான்ராஜுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பெண்ணின் வாழ்வு தன் பேனா நுனியில் தொங்குகிறது என்றால் யாருக்கு இறங்கும்? திருச்சுழி ஸ்டாண்டில் வண்டி நிற்கும் நேரமெல்லாம் ஸ்டியரிங் மேல் பழைய இதழ்களை விரித்து, முதல் பகுதியிலிருந்து படித்தார். இப்போது வாசகனாகப் படிக்கவில்லை, டிரைவராகப் படித்தார். வண்டி எங்கே நின்றது, யார் இறங்கினார்கள், யார் கை எங்கே இருந்தது என்று ஒவ்வொரு வரியாகப் போனார்.

கண்மாய்க்கரையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வண்டி நின்றதாக இரண்டாம் பகுதியில் இருந்தது. அப்போது லாரி முதலாளி பாட்டிலை சீட்டில் வைத்துவிட்டு ஒதுங்கப் போனார். செத்தவர் பக்கத்தில் கிடந்த பாட்டிலில் கறுப்பாக ஒரு விரல் தடம் என்று மூன்றாம் பகுதியில் வந்தது. எல்லாரும் அதைக் கடைக்காரரின் ஸ்டாம்பு மை என்று நினைத்தார்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்த டிரைவர் கையில் கறுப்பு மசகு ஒட்டும் என்று ஜான்ராஜுக்குத் தெரியாதா? நான்காம் பகுதியில், அன்றைக்கு மட்டும் டிரைவர் சாலமோன் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி.

முதல் பகுதியை மறுபடி எடுத்தார். சாலமோனின் தம்பி தூத்துக்குடி ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்தவன். வழக்கு ஒன்றுமில்லாமல் போனது என்று அங்கே இருந்தது. கதைக்குச் சோகம் சேர்க்கத்தான் தனுஷ்கோடி அதைப் போட்டிருக்கிறார் என்று இதுவரை நினைத்திருந்தார். ஏனென்றால் அது கதையே இல்லை. ஜான்ராஜின் தம்பி ஜெபக்குமார் பந்தல்குடிக்குத் தெற்கே அப்படித்தான் செத்தான். எந்த லாரி என்று கடைசிவரை தெரியவில்லை. ஒரு மத்தியான டிரிப்பில் அந்த இடத்தைத் தாண்டும்போது, "அவன் மட்டும் என் கையில கெடச்சான்னா, சத்தமில்லாம முடிச்சுருவேன்லே" என்று சொன்னதும், பானெட் மேலிருந்த தனுஷ்கோடி ரோட்டைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது.

பாவி, நம்மைத்தான் பிடித்திருக்கிறான்!

கோபம் வந்தது. செத்தவனை எழுப்பி நாலு அறை விடவேண்டும்போல இருந்தது. வண்டியில் அவனிடம் மட்டும் சொன்னதை ஊர் முழுக்கப் படிக்க வைக்கப் பார்த்தானே. ஆனால் கதை பொய் சொல்லவில்லை. ஐந்து பகுதியிலும் ஒரு இடறல் இல்லாமல் பொருந்துகிற ஆள் சாலமோன் ஒருத்தன்தான். அவனைச் சொல்லிவிட்டால் குடைக்காரரை எந்த வாயும் பேசாது.

வீட்டில் எழுதியதை மனைவி மரியசெல்வி எடுத்துப் படித்தாள். படித்ததும் தாளைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இதக் குடுக்காதீக. சாலமோன் யாருன்னு ஊருக்கே தெரியும். புள்ளைக பள்ளிக்கூடம் போகவேண்டாமா?"

"பொன்னுச்சாமி அண்ணாச்சிக்கும் புள்ளதான இருக்கு."

"அதுக்கு நீங்களா கெடச்சீக?" அவள் குரல் தாழ்ந்தது. "தம்பியப் பத்தி இப்படி ஒரு நெனப்பு உங்களுக்கு இருந்துச்சா? எங்கிட்டகூடச் சொல்லலையே."

ஜான்ராஜ் தலையைக் குனிந்துகொண்டார். "இருந்துச்சு" என்றார். அவள் அழுதாள். அழுது முடித்து, தாள்களை வரிசைப்படுத்தி உறையில் போட்டுக் கொடுத்ததும் அவள்தான்.

கடைசிப் பகுதி வந்த அன்று அருப்புக்கோட்டைக் கடைகளில் மத்தியானத்துக்குள் இதழ் தீர்ந்துவிட்டது. வேலாண்டி தன் கூட்டாளியின் தோளில் கைவைத்து, விசிலை வாயில் வைத்து, ஊத முடியாமல் எடுத்துவிடுகிறார். அந்த இடத்தைப் படித்துவிட்டு அழாத ஆள் இல்லை என்றார்கள். மல்லாங்கிணறுக்காரர்கள் அந்த வாரமே பழத்தட்டோடு பந்தல்குடிக்கு வந்தார்கள்.

ஜான்ராஜுக்குத்தான் காலம் மாறியது. "என்ன கொலகார அண்ணே, இன்னைக்கு யாரு?" என்று கேட்டவர்களோடு சேர்ந்து அவரும் சிரித்தார். சிரிக்காதவர்கள் வேறு. முன்சீட்டுப் பெண்கள் பின்னால் தள்ளி உட்கார்ந்தார்கள். பந்தல்குடியில் டீ குடிக்க நிற்கும் லாரி டிரைவர்கள் அவர் வந்தால் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு வண்டி ஏறினார்கள். அந்த வட்டாரம் முழுவதற்கும் இப்போது தெரியும், இந்த ஆள் மனதில் ஒரு லாரிக்காரனைக் கொன்றிருக்கிறார் என்று. அது பொய் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

ராமலட்சுமி கல்யாணத்துக்கு மரியசெல்வி வர மறுத்துவிட்டாள். ஜான்ராஜ் தனியாகப் போனார். முதல் பந்தியில் உட்கார்ந்தார். இலை போட்டாயிற்று. அவருக்கு இந்தப் பக்கம் ஒரு இலை காலி, அந்தப் பக்கம் ஒரு இலை காலி. உட்கார வந்தவர்கள் அவரைப் பார்த்துவிட்டு, யாரையோ கூப்பிடுவதுபோல அடுத்த வரிசைக்குப் போனார்கள். பரிமாறுகிறவர் காலி இலையில் கூட்டு வைத்துவிட்டு, ஆளில்லை என்று தெரிந்து விழித்தார். எழுந்து போய்விடலாமா என்று ஜான்ராஜ் துண்டை எடுத்தார்.

பொன்னுச்சாமி வாசலில் சம்பந்திகளை வரவேற்றுக்கொண்டிருந்தவர், பேச்சை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். பெண்ணைப் பெற்றவர் வந்த சனமெல்லாம் சாப்பிட்ட பிறகுதான் கை நனைக்கவேண்டும், அதுதான் வழக்கம். அவர் குடையைச் சுவரில் சாத்திவிட்டு, ஜான்ராஜுக்குப் பக்கத்து இலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பந்தியே திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா, "என்ன சம்பந்தி இது?" என்று கேட்டேவிட்டார்.

பொன்னுச்சாமி இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டே, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "ஆறு மாசம் நான் இப்படித்தான் தனியாச் சாப்பிட்டேன், டிரைவரே. சோறே இறங்காது."

ஜான்ராஜுக்குக் கண்ணீர் கொட்டியது. இலையில் விழுந்துவிடாமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"சாப்பிடுங்க" என்றார் பொன்னுச்சாமி. தன் இலையில் முதல் கவளத்தை எடுத்து, ஜான்ராஜ் எடுக்கும்வரை கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.